விவாத மேடைக்காக நிருபர் வேலையை விடலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நாளிதழின் நிருபராகப் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நெல் கொள்முதல் நிலையங்களைப் பற்றி நான் எழுதிய தொடர் செய்திகளைப் பார்த்துவிட்டு ஒரு செய்தித் தொலைக்காட்சி என்னை இரவு விவாதத்துக்கு அழைத்தது. அதன்பின் மாதத்தில் இரண்டு மூன்று முறை அழைக்கிறார்கள். திரையில் என் பெயருக்குக் கீழே ‘அரசியல் விமர்சகர்’ என்று போடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தால் வாரத்தில் நான்கு நாள் வாய்ப்புத் தருவதாகச் சொல்கிறார்கள். சென்ற வாரம் விருந்தினர் ஒருங்கிணைப்பாளர், “ஆளுங்கட்சிக்கு எதிராகப் பேச இன்று ஆள் இல்லை, நீங்கள் அந்தப் பக்கம் பேசிவிடுங்கள்” என்றார். மறுநாள் என் பேச்சில் இருபது நொடியை மட்டும் வெட்டி யாரோ பரப்பினார்கள். அதற்கு வந்த வசைகளை இங்கே எழுத முடியாது. நன்கு பழகிய ஒன்றியச் செயலாளர் ஒருவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. கணவர் போகலாம் என்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார். அரசியல் விமர்சகர் என்பது நம்பி இறங்கக்கூடிய தொழில்தானா?

– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விவாதங்களுக்குத் தொடர்ந்து போங்கள். ஆனால் அதற்காக நிருபர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடாதீர்கள். அச்சிலும் திரையிலும் அரசியல் செய்தியாளனாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இந்த ஆலோசனையைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் உங்களைப் போன்ற மாவட்ட நிருபர்கள் பலருக்கு இந்த அழைப்பு இப்போது வந்துகொண்டிருக்கிறது.

உங்களை அந்த அரங்குக்கு அழைத்து வந்தது எது என்று முதலில் நினைத்துப் பாருங்கள். நெல் கொள்முதல் பற்றிய விவாதம் என்றால் கட்சிப் பேச்சாளர்கள் விவசாயிகளின் வேதனையைப் பொதுவாகப் பேசுவார்கள். கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடை போடமாட்டார்கள் என்பதும், குறுவை அறுவடையின் கடைசி நாட்களோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் அந்த அளவுக்குள் நெல்லைக் காயவைக்க வெயில் கிடைப்பதில்லை என்பதும், அளவைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய உணவுத் துறையிடம் இருக்கிறது என்பதும், அதற்கு மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய்ப் பரிசோதித்த பிறகே ஆணை வரும் என்பதும், அதற்குள் குவியலின் அடியில் நெல் முளைவிடத் தொடங்கிவிடும் என்பதும் அந்த மேசையில் இருப்பவர்களில் உங்களுக்குத்தான் நேரில் தெரியும். மாநில அரசை ஒன்றிய அரசும், ஒன்றிய அரசை மாநில அரசும் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது, குழு எந்தத் தேதியில் உங்கள் மாவட்டத்துக்கு வந்தது, ஆணை எந்தத் தேதியில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது, இடைப்பட்ட நாட்களில் எந்தெந்த ஊர்களில் தார்ப்பாய் போதவில்லை என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால், அந்த இரவின் விவாதம் வேறொன்றாகிவிடும். பார்ப்பவர் யார் மீது கோபப்பட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்துகொள்ள அந்தத் தேதிகள் போதும்.

இந்த அறிவு சேமிப்பில் வைக்கக்கூடியது அன்று. நீங்கள் சென்னைக்கு வந்து ஓராண்டு ஆகிவிட்டால், கொள்முதல் நிலைய எழுத்தர் மாறியிருப்பார், விவசாய சங்கத்தில் புதிய ஆட்கள் வந்திருப்பார்கள், நீங்கள் சொல்வது சென்ற ஆண்டின் செய்தியாக இருக்கும். அதன்பின் காலையில் நாளிதழ்களைப் படித்துவிட்டு இரவில் கருத்துச் சொல்பவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். அப்படிப்பட்டவர்கள் சென்னையில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் என் நண்பர்கள், திறமைசாலிகள். ஆனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் தேவைப்படவில்லை. உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அரை மணி நேரத்தில் தேடிக்கொள்ள முடியும் என்ற நிலை வந்துவிட்டால், ஒருங்கிணைப்பாளர் சொல்வதை மறுக்கும் துணிவு உங்களுக்கு மெல்ல மெல்லப் போய்விடும். நான் அஞ்சுவது அதைத்தான்.

நம் நாட்டில் மக்கள் நம்பிக் கேட்ட விமர்சகர்கள் வந்த வழியைப் பாருங்கள். இந்தித் தொலைக்காட்சிச் செய்தியாளர் ரவீஷ் குமார் 1996இல் என்டிடிவியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, பார்வையாளர்கள் எழுதும் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை. பிறகு நிருபரானார், தில்லியின் குடிசைப் பகுதிகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நடந்து போய்ச் செய்தி சேகரித்தார். இரவு நிகழ்ச்சியின் நெறியாளராக அவர் நாடறிந்தவரானது அதற்குப் பிறகுதான். 2019இல் மகசேசே விருது பெற்றார். நிறுவனம் கைமாறியபோது 2022 நவம்பர் இறுதியில் பணி விலகினார். விலகிய பிறகும் யூடியூபில் லட்சக்கணக்கானோர் அவரைத் தேடிப் போனதற்கு, நிறுவனத்தின் பெயர் காரணமாக இருந்திருக்க முடியாது. கீழிருந்து சேர்த்த செய்தி அனுபவமும், எந்தத் தரப்பில் நின்று பேசுகிறார் என்பதை மறைக்காத பழக்கமும் அவரோடு போயின என்றே நான் கருதுகிறேன்.

தமிழில் ஞாநியைச் சொல்ல வேண்டும். நாளிதழ் நிருபராகத் தொடங்கி, வார இதழ்களில் பல ஆண்டுகள் பத்தி எழுதி, தொலைக்காட்சி விவாதங்களில் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரிந்த முகமானார். 2014இல் ஆலந்தூர் இடைத்தேர்தலில் ஆம் ஆத்மி கட்சியின் வேட்பாளராகவே நின்றார். பத்திரிகையாளர் தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வியில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்பதை எவரும் ஊகித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இருக்கவில்லை. 2018 ஜனவரியில் அவர் மறையும் வரை, எதிரணியினரும் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதற்கு அந்த வெளிப்படைத்தன்மை முக்கியக் காரணம். இன்று சில அரங்குகளில் ‘அரசியல் விமர்சகர்’, ‘மூத்த பத்திரிகையாளர்’ என்ற அடையாளத்தோடு அமர்ந்து, கட்சி அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை வாசிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நேர்மையாகப் பேசுபவரையும் அவர்கள் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறார்கள்.

ஒருங்கிணைப்பாளர் உங்களிடம் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அந்தப் பகுதி. விவாத நிகழ்ச்சியில் நாற்காலிகள் முதலில் முடிவாகின்றன, ஆட்கள் பிறகே தேடப்படுகிறார்கள். ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, தேசியக் கட்சிக்கு ஒன்று, நான்காவது நடுநிலையாளருக்கு என்பது பொதுவான ஏற்பாடு. கட்சிகள் வராமல் போனால் இந்த ஏற்பாடு குலைகிறது. 2019 மே மாத இறுதியில் காங்கிரஸ் தன் செய்தித் தொடர்பாளர்களை ஒரு மாதத்துக்கு விவாதங்களுக்கு அனுப்புவதில்லை என்று அறிவித்தது. 2021 ஜூலையில் அதிமுக தலைமையும் தன் கட்சியினர் விவாதங்களில் பங்கேற்கமாட்டார்கள் என்றது. அத்தகைய நாட்களில் காலியான நாற்காலியை நிரப்ப ‘ஆதரவாளர்’ என்ற அடையாளத்தோடு சிலர் வந்தார்கள். அதுவும் கிடைக்காதபோது, பத்திரிகையாளர்களிடம் “இன்று மட்டும் அந்தப் பக்கம்” என்று கேட்கும் பழக்கம் உண்டானது. கேட்கும் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் இருபத்தைந்து வயது இளைஞராக இருப்பார். மாலை ஆறு மணிக்குள் நால்வரை உறுதி செய்யாவிட்டால் அவர் வேலைக்குச் சிக்கல். அவர் மீது கோபப்பட வேண்டாம். ஆனால் பதில் தெளிவாக இருக்க வேண்டும்: “இந்தப் பொருளில் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்வேன். அது அரசுக்கு எதிராகவும் இருக்கலாம், ஆதரவாகவும் இருக்கலாம். அது ஒத்துவரும் என்றால் வருகிறேன்.” இதைத் தொலைபேசியில் சொன்ன பிறகு, ஒரு வரியில் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் நெறியாளரிடமும் நேரடியாக ஒரு முறை சொல்லுங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் நீங்கள் சொன்னது பல நேரம் அவர் காதுக்குப் போயிருக்காது.

திரையில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் அடையாளத்தையும் நீங்களே சொல்லிக் கொடுங்கள். ‘அரசியல் விமர்சகர்’ வேண்டாம். ‘பத்திரிகையாளர், திருவாரூர்’ என்று கேளுங்கள். உங்கள் நாளிதழின் பெயரைப் போடலாமா என்பதை ஆசிரியர் முடிவு செய்யட்டும். ஊர்ப் பெயர் திரையில் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. காவிரி, கொள்முதல், பயிர்க் காப்பீடு, 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போன்றவற்றுக்கு உங்களை அழைப்பார்கள். திரையுலகப் பிரமுகர் ஒருவரின் அரசியல் பிரவேசத்துக்குக் கருத்துச் சொல்ல உங்களைத் தேடுவது குறையும். அழைப்புகள் குறைகின்றனவே என்று சில மாதங்கள் தோன்றும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை அரங்கில் நேரில் அமர்ந்தால்தான் மதிப்பு என்று நினைக்கத் தேவையில்லை. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு காணொளி வழியாகப் பங்கேற்பது எல்லா நிலையங்களுக்கும் பழகிவிட்டது. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்திலிருந்தே பேசுகிறேன் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். பின்னால் நெல் குவியலும், அதைக் காவல் காக்கும் விவசாயியும் தெரிய நீங்கள் பேசும் மூன்று நிமிடம், குளிரூட்டப்பட்ட அரங்கில் பேசும் முப்பது நிமிடத்தைவிடப் பயன் தரும்.

மூன்று நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரத்துக்கும் நிலையத்தின் சொந்த அறிவிப்புகளுக்கும் 12 நிமிடம் வரை விதி இடம் தருகிறது. மீதியுள்ள 48 நிமிடத்தில் நெறியாளரின் முன்னுரை, கேள்விகள், குறுக்கீடுகள், இடையே காட்டப்படும் காட்சித் துண்டுகள் எல்லாம் சேர்ந்து கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நால்வர் இருந்தால் ஒருவருக்கு எட்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதுவும் ஐந்தாறு துண்டுகளாகச் சிதறித்தான் கிடைக்கும். அரை மணி நேர உரையை மனத்தில் கட்டிக்கொண்டு வருபவர்கள் முதல் குறுக்கீட்டிலேயே தடுமாறுவது இதனால்தான். மூன்று தகவல்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பு வந்ததும் தகவலை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அதன் ஆதாரத்தை அடுத்த வாக்கியத்தில் சொல்லி, நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் மேல் ஒருவர் பேசத் தொடங்கும்போது நீங்களும் குரலை உயர்த்தாதீர்கள். நீங்கள் விசாரிக்காத பொருளைக் கேட்டால், “அதைப் பற்றி நான் செய்தி சேகரிக்கவில்லை” என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னதால் யாரையும் மறுமுறை அழைக்காமல் விட்டதாக நான் கண்டதில்லை.

நேரலையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று ஒரு செய்தி வந்து விழும் நேரம்தான் மிகக் கடினமானது. 2016 டிசம்பர் 5ஆம் தேதி மாலையை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 22 முதல் அப்பல்லோவில் சிகிச்சையில் இருந்த முதல்வர் ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அன்று மாலையே அறிவித்துவிட்டன. அதிமுக தலைமை அலுவலகத்தில் கட்சிக் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. மருத்துவமனை அதை மறுத்தது. கொடி மறுபடி ஏற்றப்பட்டது. அன்று இரவு 11.30 மணிக்கு அவர் மறைந்தார் என்பதே மருத்துவமனையின் அதிகாரபூர்வ அறிவிப்பு. இடைப்பட்ட அந்த மணி நேரங்களில் மாநிலமெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன, வெளியூர் போனவர்கள் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். இப்படிப்பட்ட ஒரு மாலையில் நீங்கள் அரங்கில் இருக்க நேர்ந்தால், அடுத்த முதல்வர் யார், கட்சி உடையுமா என்றெல்லாம் நெறியாளர் கேட்கத்தான் செய்வார். காதில் பொருத்திய கருவியில் தயாரிப்பாளர் அவரை அவசரப்படுத்திக்கொண்டிருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். “மருத்துவமனையின் அறிவிப்பு வரும் வரை நான் இதைப் பற்றிப் பேசுவதற்கில்லை” என்று சொல்வதற்கு நிருபர் பயிற்சி வேண்டும். இரு தரப்பிலும் உறுதி செய்யாமல் செய்தியை அனுப்பினால் துணை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பதினோரு ஆண்டுகளாகப் பழகிய உங்களுக்கு அது இயல்பாக வரும். அந்தப் பழக்கம் மங்காமல் இருக்கவும் நீங்கள் நாளிதழில் இருக்க வேண்டும்.

தேர்தல் காலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உங்களுக்கு அழைப்புகள் மிகுதியாக வரப்போவது அப்போதுதான். 2016 சட்டமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு முடிந்த அன்று வெளியான கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை திமுக ஆட்சிக்கு வரும் என்றன. அரங்குகளில் அமைச்சரவைப் பட்டியல் வரை பேசினார்கள். வாக்கு எண்ணியபோது, தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134இலும், திமுக கூட்டணி 98இலும் வென்றன. இரு தரப்புக்கும் இடையே வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். அவ்வளவு நெருங்கிய போட்டியைச் சென்னையில் இருந்துகொண்டு கணித்துச் சொல்ல முடியாது என்பதை அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த தேர்தலிலும் கணிப்பு விவாதங்கள் அப்படியே நடந்தன. எண்ணிக்கை கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டாம். அதற்கு மாறாக, உங்கள் மாவட்டத் தொகுதிகளுக்கான படிவம் 20ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் அதில் இருக்கின்றன. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். முந்தைய இரண்டு தேர்தல்களின் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்த ஊராட்சியில் எந்தக் கூட்டணி மாற்றம் எடுபட்டது, எந்தத் தெருக்காரர்கள் எங்கே நகர்ந்தார்கள் என்பது தெரியும். சாவடிகள் மறுசீரமைக்கப்படும்போது எண்கள் மாறும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஊரை அறிந்த ஒருவர் அந்தத் தாளைப் படிக்கும்போது கிடைக்கும் விளக்கத்தைப் புள்ளிவிவர நிபுணர் எவரும் தர முடியாது. இந்த வேலையைச் செய்ய நம் அரங்குகளில் மிகச் சிலரே இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் ஒளிபரப்பக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பைத் தேர்தல் ஆணையம் குறிப்பிடும் நேரம் வரை வெளியிட 126அ தடை செய்கிறது. அந்த நாட்களில் விருந்தினராக நீங்கள் பேசுவதும் இந்த வரம்புக்குள் வரும்.

சட்டத்தைப் பற்றி மேலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நாளிதழில் நீங்கள் எழுதுவதைத் துணை ஆசிரியரும் செய்தி ஆசிரியரும், தேவைப்பட்டால் வழக்கறிஞரும் பார்க்கிறார்கள். நேரலையில் வாயிலிருந்து வந்த சொல்லுக்கும் கேட்டவருக்கும் இடையே யாரும் இல்லை. அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தின் கீழ்க் குற்றம்தான். 2016இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அது தொடர்கிறது, இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. உங்களுக்குத் துணையாக இருப்பது, மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவதற்காக நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அரசு அலுவலர் தம் பணி தொடர்பான விமர்சனத்துக்காக இழப்பீடு கேட்டால், எழுதியவர் உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார் என்று காட்ட வேண்டும். நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று பத்திரிகையாளர் காட்டினால் போதும் என்றது அது. ஆகவே, சரிபார்த்ததற்கான தடம் உங்களிடம் இருக்க வேண்டும்: யாரிடம் கேட்டீர்கள், என்று கேட்டீர்கள், என்ன ஆவணம் பார்த்தீர்கள். உங்கள் நிருபர் குறிப்பேடு அதற்குத்தான். பழைய குறிப்பேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சட்டமன்றத்தைப் பற்றிப் பேசும்போது உரிமை மீறல் என்ற ஒன்று இருப்பதையும், தன் சிறப்புரிமையை மீறியதாகக் கருதுபவரைப் பேரவையே தண்டிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 1987இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குப் பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். 2003 நவம்பரில் தி இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வினோத் துவாவின் வழக்கு இன்னும் அண்மையது. தூர்தர்ஷன் காலம் முதல் தொலைக்காட்சியில் இருந்த மூத்தவர் அவர். 2020 மார்ச்சில் யூடியூபில் பேசியதற்காக, அவர் வசித்த தில்லியிலிருந்து வெகு தொலைவில் இமாச்சலப் பிரதேசத்தில் அவர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. 2021 ஜூன் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓராண்டுக்கு மேல் அந்த மனிதர் அதைச் சுமக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விருந்தினராகப் பேசுபவர் மீது வழக்கு வந்தால் வழக்கறிஞர் செலவை யார் ஏற்பார்கள் என்று நிலையத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மழுப்புவார்கள். அந்த மழுப்பலையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

வெட்டிப் பரப்பிய அந்த இருபது நொடிக்கு இணையாக, முழு விவாதத்தின் இணைப்பை உங்கள் பக்கத்தில் ஒரு முறை போடுங்கள். அதற்குமேல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வசைகளில் பாலியல் இழிவோ மிரட்டலோ இருந்தால், பதிவின் முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடி எடுத்து வைத்து, மாவட்ட இணையக் குற்றப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்த வழக்கில், நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகருக்குச் சென்னை சிறப்பு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆறு ஆண்டுகள் ஆயின. ஆனாலும், பகிர்ந்தேன், எழுதவில்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இந்தச் சுமையை நீங்கள் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டப் பத்திரிகையாளர் சங்கத்திடம் சொல்லுங்கள், வீட்டிலும் அந்தப் பதிவுகளை மறைக்காதீர்கள்.

ஒன்றியச் செயலாளர் அழைப்பை எடுக்கவில்லை என்பது உங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது என்று தெரிகிறது; உறுத்த வேண்டியதும்தான். நிருபரின் தொழில் அத்தகைய உறவுகளின் மேல் நிற்கிறது. தொலைபேசியை விட்டுவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் அந்த இருபது நொடியாகத்தான் இருக்கும். முழுப் பேச்சையும் உங்கள் கைப்பேசியிலேயே போட்டுக் காட்டுங்கள். நீங்கள் சொன்ன தகவல் தவறு என்று அவர் ஆதாரம் காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். சரியான தகவல்தான், ஆனால் தம் கட்சிக்குச் சங்கடம் என்றால், அதை அவர் நேரில் சொல்லிவிடட்டும். ஊர்ப்புறத்து அரசியல்காரர்கள் முகத்துக்கு நேரே வந்து பேசுபவரை நெடுநாள் ஒதுக்கி வைப்பதில்லை. அவர் சமாதானம் ஆக வேண்டும் என்பதற்காக அடுத்த விவாதத்தில் அவர் கட்சியைப் பற்றி மென்மையாகப் பேசுவது மட்டும் கூடாது.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவாத விருந்தினருக்குப் பல நிலையங்கள் வண்டி அனுப்புவதோடு சரி. சில இடங்களில் ஒரு நிகழ்ச்சிக்குச் சிறு தொகை உண்டு. வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, விடுப்பு எதுவும் இல்லை. நாளிதழ் ஊழியருக்காக 1955இல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் அதன்கீழ் அமைந்த ஊதியக் குழுக்களும் தொலைக்காட்சியைத் தொடவில்லை என்பதால், அங்கே நிரந்தர ஊழியர்களுக்கே நெடுங்காலம் பாதுகாப்புக் குறைவாக இருந்தது. ‘வாரத்தில் நான்கு நாள்’ என்று சொன்னவர் பணி மாறிப்போனால் அந்த நான்கு நாளும் அவரோடு போய்விடும். சென்னை வாடகையை இதை நம்பி ஒப்புக்கொள்ள முடியாது. யாராவது கட்சிக்காரர் உங்கள் ‘பயணச் செலவை’ ஏற்க முன்வந்தால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சி உங்களை நிருபராகவோ, மாவட்டச் செய்திப் பிரிவின் பொறுப்பாளராகவோ, நியமன ஆணையோடு அழைத்தால் என் பதில் வேறாக இருக்கும். அப்போது போங்கள், அது இன்னொரு செய்திக் களம், அங்கிருந்தும் விவாதத்துக்கு வரலாம். இப்போது வந்திருப்பது அத்தகைய அழைப்பு இல்லை. போகச் சொல்லும் உங்கள் கணவரும் வேண்டாம் என்னும் உங்கள் அப்பாவும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், இருவருக்கும் இடையே பெரிய கருத்து மோதல் இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதுவரை ஆசிரியரிடம் வாய்மொழியாக அனுமதி கேட்டிருப்பீர்கள். இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை விவாதங்கள், என்னென்ன பொருள்கள், நாளிதழில் வருவதற்கு முன் எந்தச் செய்தியையும் திரையில் சொல்லமாட்டேன் என்ற உறுதி, தேர்தல் பணியில் இருக்கும் நாட்களில் பங்கேற்பதில்லை என்ற வரம்பு ஆகியவை அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஒப்புதல் கையொப்பத்தோடு வந்ததும் ஒரு படியை வைத்துக்கொண்டு, ஒருங்கிணைப்பாளருக்கு உங்கள் நிபந்தனைகளை அனுப்புங்கள். ஆசிரியர் மறுத்தால் அதற்கான காரணத்தோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.